வீராணத்தில் நிலநடுக்கம்

இருபத்தாறு மணி நேரம் வலித்தும் நான் வெளியே வரவில்லை. கடைசியில் அம்மாவின் வயிற்றைக் கீறித்தான் என்னை எடுத்தார்கள். அந்த வயிற்றை நான் ஒன்பது நிமிடப் படமாக எடுத்தேன்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில். தோலுக்கு நான்கு விரல் தூரத்தில் செல்போன். கறுப்பு வெள்ளை. சத்தத்துக்கு ஸ்டெதாஸ்கோப் குழாயில் ஒரு சின்ன மைக்கைச் செருகினேன். விலங்கியல் படித்தது இதற்குத்தான் உதவியது.

என் எதிரில் புடவை மாற்றக்கூடக் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவள் அம்மா. நான் மூன்று மாதம் கெஞ்சினேன். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"மூஞ்சி தெரியக்கூடாது. யார் வயிறுன்னு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. முக்கியமா உன் மாமாவுக்கு. அவுரு மைக் செட்டு வெச்சே சொல்லுவாரு."

"சத்தியமா சொல்ல மாட்டேம்மா."

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடி ஹாலில் திரையிட்டார்கள். அம்மா கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொண்டாள். விளக்கை அணைக்கும்போது, காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ் பிடித்து, அம்மாவின் அண்ணன் திருநாவுக்கரசு மாமா வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

"எம் மருமவ எடுத்த படம்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

திரை முழுக்கப் பிரசவக் கோடுகள்.

"அட, நம்ம வீராணம் ஏரி!" என்றார் மாமா. "தண்ணி வத்தி எப்படி வெடிச்சிக் கெடக்கு பாரு."

ஆபரேஷன் தழும்பு வந்தது. "இது கரை."

வயிற்றுக்குள்ளிருந்து களகளவென்று சத்தம். "மதகத் தொறந்துட்டான்."

தொப்புள் வந்தது. "இது என்னாங்க?" என்று பக்கத்து ஆள் கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்தார்.

"போர் போட்டுத் தண்ணி வராம வுட்டுட்டுப் போன குழி. மூடவே மாட்டானுவ."

எனக்குக் கன்னம் சுட்டது. சிரிப்பும் முட்டியது. திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்திருந்தாள்.

அடுத்து, ஸ்டெதாஸ்கோப் சில்லென்று பட்டதும் அம்மா கூசிச் சிரித்த இடம். திரையில் ஏரி மொத்தமும் குலுங்கியது.

"ஐயையோ, நெலநடுக்கம்!" மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஹாலே சிரித்தது.

விளக்கு போட்டார்கள். திரையிடலை நடத்திய ரேகா என் கையில் மைக்கைக் கொடுத்தாள்.

"கயல்விழி, நீங்களே சொல்லுங்க. நாங்க பாத்தது என்ன?"

ஏரி என்றால் படம் செத்துவிடும். வயிறு என்றால், அடுத்த கேள்வி யாருடையது என்பதுதான். எனக்குப் பொய் வராது. நாலு பேர் முன்னால் உண்மையும் வராது.

"அது... வந்து..."

"சும்மா சொல்லு பாப்பா, என்னா வெக்கம்?" என்றார் மாமா. "வீராணம்தான? பொறந்ததுலேர்ந்து பாக்குறேன், எனக்கா தெரியாது?"

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். திரையில் குலுங்கியது இப்போது புடவைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"போதும்ண்ணே, என்னால முடியல" என்றாள். "அது ஏரி இல்ல. என் வயிறு."