இரண்டாம் படிக்கு மேல் நாலங்குலம்

வரைபடம் தபாலில் வந்த அன்று செல்வரத்தினம் வேலைக்குப் போகவில்லை. பதினொரு வருசமாகப் பெற்றோல் ஷெட்டில் நின்றவர், காய்ச்சலுக்குக்கூட லீவு எடுத்தறியாதவர், போன் எடுத்து வயிற்றுக் குத்து என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் அதை விரித்தார். நாலு மூலையிலும் மிளகாய்த்தூள் போத்தலையும் உப்புப் போத்தலையும் இன்னும் இரண்டு போத்தல்களையும் வைத்து, மூக்கு தாளில் முட்டும்படி குனிந்திருந்தார்.

அவர்களுடைய தெரு லண்டன் கோலியர்ஸ் வுட்டில், பழைய சரளைக்கல் குழி ஒன்றின் ஓரத்தில் இருந்தது. குழியில் எப்போதோ நீர் நிறைந்து, வாத்துகள் வந்து, வீடு விற்கிறவர்களின் விளம்பரத்தில் அது ஏரியாகிவிட்டது. செல்வரத்தினம் மட்டும் குளம் என்றே சொல்வார். வரைபடத்தில் அந்தக் குளத்தைச் சுற்றி நீலக் கோடுகள் சரிவாகக் கீறப்பட்டிருந்தன. நீலத்துக்குள் இருந்தால் வெள்ளம் வரக்கூடிய இடம். தெருவின் பதினான்கு வீடுகளும் நீலத்துக்குள்தான். இது இன்னும் முடிவாகவில்லை, ஆட்சேபம் உள்ளவர்கள் ஆறு வாரத்துக்குள் எழுதலாம் என்றது கூட வந்த நகரசபைக் கடிதம்.

“இதைக் கீறின பொடியன் கெட்டிக்காரன், பிள்ளை,” என்றார் மகளிடம். “எங்கடை பக்கம் பள்ளம் எண்டு பிடிச்சிட்டான். கோடு வலு சரி.”

“சந்தோசப்பட உது உங்கடை சாதகம் இல்லை, அப்பா,” என்றாள் சந்திரவதனா. “நீலத்துக்குள்ளை விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் ஓடிடுவான். இன்சூரன்ஸ் இல்லாட்டி வீட்டுக்குக் கடன் தந்த மோட்கேஜ்காரன் விடமாட்டான். அது அவன்ரை கண்டிசன். வீடு போயிடும். விளங்குதே?”

“அதுக்கு அவன் என்ன செய்யிறது? தண்ணி வாற இடத்தைத்தானே கீறலாம்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் இரண்டு ஷிப்ட்டும் அம்மா தவநாயகியின் தையல் மெஷினும் சேர்ந்து வாங்கிய வீடு இது. விலை உச்சியில் நின்ற நேரத்தில் வாங்கியது. இப்போது விற்றால் கடன்கூட முடியாது. அப்பா, அம்மா இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிய படம் கூடத்தில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் தொங்கியது. அப்பா ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்தவர். அளவையாளர் கருவியில் கண்ணை வைத்துப் பார்க்க, இவர் வெயிலில் அளவுகோலை நட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருபது வருசம். அதை அவள் லண்டனில் ஒருவருக்கும் சொன்னதில்லை. படிவங்களில் தகப்பனின் தொழில் கேட்ட இடமெல்லாம் ‘நில அளவையாளர்’ என்றே எழுதிவந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இலக்க வீட்டுப் பாலேந்திராவின் வரவேற்பறையில் தெரு முழுவதும் கூடியது. தமிழ் வீடுகள் ஐந்து, மற்றவை வெள்ளைக்காரருடையவை. செல்வரத்தினத்துக்குப் பக்கத்து வீட்டுக் கத்தரின், அறுபது தாண்டிய விதவை, கதவோரக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாலேந்திரா ஆங்கிலத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம் சொன்னான்.

“நகரசபை ஆள் வந்து கேப்பான். தண்ணி வந்ததோ எண்டு. ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. வந்தது எண்டு ஒரு வீடு சொன்னாலும் பதினாலு வீடும் போச்சு. செல்வரத்தினம் அண்ணை, உங்களைத்தான்.”

“எனக்கென்னடாப்பா, நான் ஏன் கதைக்கப் போறன்?”

“நீங்கள் கதைக்கத் துவங்கினால் யாழ்ப்பாணத்துப் பள்ளமெல்லாம் அளந்து முடிச்சிட்டுத்தான் நிப்பாட்டுவியள்.”

எல்லோரும் சிரித்தார்கள். வதனாவும் சிரித்தாள். ஆட்சேபக் கடிதத்தை அவள்தான் எழுதினாள். ‘இத்தெருவில் வசிப்போரின் நினைவுக்கு எட்டியவரையில் ஏரி நீர் ஒருபோதும் எமது எல்லைக்குள் வந்ததில்லை.’ கத்தரின் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, எவ்வளவு அழகான ஆங்கிலம் என்று சொல்லிக் கையெழுத்திட்டாள். அந்தப் பாராட்டு வதனாவின் காதில் மூன்று நாள் நின்றது.

தண்ணீர் வந்தது எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு, தை மாதக் கடைசி வெள்ளி. இவர்கள் இந்த வீட்டில் குடிபுகுந்த குடிபூரல் நாள். மழை இரண்டு வாரமாக விடவில்லை. குளம் தோட்டம் முழுவதையும் விழுங்கிக்கொண்டு குசினி வாசல்வரை வந்து நின்றது. நாள் பார்த்துக் குறித்தாயிற்று, இனித் தள்ள ஏலாது என்று ஐயர் சொல்லிவிட்டார். பால் பொங்கியதும் வந்தவர்கள் எல்லாரும் குசினிக் கதவைத் திறந்து பார்த்து ஓவென்றார்கள். லட்சுமி தானாகப் படியேறி வருகிறாள் என்றாள் யாரோ ஒரு மாமி. பட்டுச்சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்று படம் எடுத்தார்கள். செல்வரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, தச்சனின் அடிமட்டத்தை வைத்து அளந்தார்.

அதிகாரி நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வந்தான். முப்பது வயது இருக்கும். சப்பாத்தை வாசலிலேயே கழற்றியது செல்வரத்தினத்துக்குப் பிடித்துப்போயிற்று. வதனா முதல் நாளே அப்பாவை இருத்தி வைத்துச் சொல்லியிருந்தாள். “நான் கதைக்கிறன். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லப்படாது. எனக்காக.” ஓம் ஓம் என்றிருந்தார்.

அவள் கதைத்தாள். இல்லை, ஒருபோதும் இல்லை, தோட்டத்தில் ஈரம்கூட இல்லை. அவன் எழுதினான். தவநாயகி தேத்தண்ணீரும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்தாள். முதன்முதல் வீட்டுக்கு வருகிறவருக்குத் தேத்தண்ணீர், பிறகு போட்டோ அல்பம். அது அந்த வீட்டுச் சட்டம். காஸ் மீற்றர் பார்க்க வந்தவன்கூட அதிலிருந்து தப்பியதில்லை. வதனா எல்லாவற்றையும் யோசித்தாள், இதை மட்டும் யோசிக்கவில்லை. அவள் தலை நிமிர்த்தியபோது குடிபூரல் அல்பம் அவனுடைய மடியில் இருந்தது. சொன்ன சொல் தவறாமல், செல்வரத்தினம் வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டு பக்கம் புரட்டினார்.

ஏழாவது பக்கத்தில் அவனுடைய கை நின்றது. சேலைகள், படி, தண்ணீர். ஓரத்தில் கத்தரின், றப்பர் பூட்ஸுடன், கையில் வடைத்தட்டு. செல்வரத்தினம் படத்தை உறையிலிருந்து உருவித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் அவருடைய கையெழுத்து: 9.2.90. இரண்டாம் படிக்கு மேல் நாலங்குலம். தமிழ் தெரியாவிட்டாலும் திகதியும் படியின் சின்னக் கீறல் படமும் எவனுக்கும் விளங்கும். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்குக் காட்டுவதுபோல அதைக் காட்டினார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் லண்டனில் கண்டதில்லை.

“அது இந்த வீடு இல்லை,” என்றாள் ஆங்கிலத்தில். குரல் தானாக வந்தது. “பிளேஸ்டோவில் சொந்தக்காரர் வீடு. அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக நினைவு சரியில்லை. இடம், காலம் எல்லாம் குழம்பிவிடும். மன்னியுங்கள்.”

அவன் படத்தைப் பார்த்தான். குசினிக் கதவின் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த படியைப் பார்த்தான். பிறகு செல்வரத்தினத்திடம் மெதுவாகக் கேட்டான். “ஐயா, இது இங்கே எடுத்த படமா?”

செல்வரத்தினம் மகளைப் பார்த்தார். கோபமாக அல்ல. தூரத்தில் அளவுகோல் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு பெற்றோல் ஷெட் ஆங்கிலத்தில் சொன்னார்.

“மகள் சொல்வது சரி. நான் கிழவன். மறந்துபோகிறேன்.” கொஞ்சம் பொறுத்து, “இன்றைக்கு என்ன கிழமை?” என்றும் கேட்டார்.

சனிக்கிழமை, என்றான் அவன். கொப்பியை மூடினான். வாசலில் சப்பாத்தைப் போடும்போது வதனாவைப் பார்க்காமலே, நீலத்துக்குள் வரும் தெருக்களுக்குத்தான் வெள்ளம் வராமல் குளக்கரையை உயர்த்தித் தருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

குசினிக்குள் தவநாயகி கோப்பைகளைக் கழுவுவதை நிறுத்தினாள். அவளுக்கு ஆங்கிலம் முழுவதும் விளங்காது, விளங்கவேண்டியது விளங்கியிருந்தது. “நல்லாப் படிச்சிட்டாய் பிள்ளை,” என்றாள். மறுபடி கழுவத் தொடங்கினாள்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. தெரு நீலத்துக்கு வெளியே. பாலேந்திரா லட்டுப் பெட்டியுடன் வந்தான்.

“தங்கச்சி, நீ இல்லாட்டி நாங்கள் முடிஞ்சுபோயிருப்பம்.” பிறகு செல்வரத்தினத்தின் பக்கம் திரும்பி, செவிடனுக்குச் சொல்வதுபோல உரக்க, “அண்ணை! நான் பாலேந்திரா! தெரியுதே?”

“தெரியுது,” என்றார் செல்வரத்தினம்.

பொய் சுவர் தாண்டிவிட்டிருந்தது. அடுத்த வீட்டில் மணியடித்த அதிகாரி, பக்கத்து வீட்டுப் பெரியவர் பாவம் என்று கத்தரினிடம் சொல்லியிருந்தான். கத்தரினிடமிருந்து தெருவுக்குப் போயிற்று. செல்வரத்தினம் விடிய எழும்பி, தோட்டக் கோடியில் நட்டிருந்த வெள்ளைக் கோடு போட்ட தடியில் குளத்தின் மட்டம் பார்ப்பது வழக்கம். ஆறு வருசமாகப் பார்க்கிறவர். இப்போது அவர் அங்கே நின்றால் கத்தரின் நைட்கவுனோடு ஓடிவந்து, வாருங்கள் உள்ளே போவோம், என்று கைபிடித்துக் கூட்டிவந்து விடுவாள். முதியோரின் மறதி பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கதவிடுக்கில் போட்டாள். அவர் மறுக்கவில்லை. பிடித்த கையோடு நடந்து வந்தார். வீட்டுக்குள்ளேயும் ஏதாவது கேட்டால், “எனக்கு என்ன தெரியும், பிள்ளையைக் கேளுங்கோ,” என்பார். அல்பம் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. பெப்ரவரியில் மரக்கறிக் கடை சிவானந்தன் முதன்முறையாக வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணீர் மட்டும்தான் கொடுத்தார்கள்.

மார்ச்சில் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் படிவம் வந்தது. வழமைபோல வதனா நிரப்பினாள். எட்டாவது கேள்வி: ‘இவ்வீட்டின் எல்லைக்குள் எப்போதாவது வெள்ளநீர் வந்ததுண்டா?’ இல்லை என்ற பெட்டியில் அடையாளம் போட்டுவிட்டு, கீழே வீட்டுக்காரரின் கையெழுத்துக்காகப் படிவத்தை அப்பாவுக்கு முன்னால் தள்ளினாள்.

அவர் பேனையை எடுத்தார். வாசித்தார். ஆங்கிலம் வாசிக்க அவருக்கு நேரம் எடுக்கும். அவள் பொறுமையில்லாமல் காலை ஆட்டினாள்.

“வைக்கிறன் பிள்ளை,” என்றார். “கையெழுத்துத்தானே. பிடிபட்டால் நினைவில்லாதவன் வைச்சது எண்டு சொல்லு. பேப்பரிலை இருக்கும், அந்தப் பொடியன் எழுதிக்கொண்டு போனவன்.”

நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை வெட்டியது. அவளுக்கு உதவியான ஒரு வழியைக் கண்டுபிடித்துச் சொல்கிற முகம் அது.

“அப்பா…”

“சங்கிலி பிடிக்கேக்கை ஒருநாளும் பொய் அளவு குடுக்கேல்லை. அளவையாளர் துரை ரெண்டு தரம் கேட்டவர், ஒரு காணிக்காரனுக்காக. கோலைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியடா எண்டு. நான் பிடிக்கேல்லை.” பேனை மூடியைக் கழற்றினார். “அது வேறை. அது பிறத்தியாற்றை காணி. இது என்ரை பிள்ளை.”

கையெழுத்து வைக்கப் போன கையை வதனா பிடித்தாள். படிவத்தை இழுத்து எடுத்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அந்த வீட்டில் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டவர் எவரும் இல்லை, எப்படிக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியாது. இல்லை என்பதை வெட்டினாள். ஆம் என்ற பெட்டியில் அடையாளமிட்டாள். விபரம் எழுதக் கொடுத்த கோட்டில் திகதியை எழுதினாள்.

“எவ்வளவு எண்டு போடுறது?” என்று கேட்டாள். “நாலங்குலமோ?”

அவர் அவள் எழுதிய திகதியைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும் என்பாரோ என்று பயந்தாள்.

“காலமை நாலு. மத்தியானம் நாலே கால்,” என்றார். “மத்தியானத்தையே போடு. கூடினதைத்தான் போடவேணும்.”

கையெழுத்து வைத்தார். மோட்கேஜ்காரன் என்ன சொல்வானோ, பாலேந்திரா இனி முகத்தில் முழிப்பானோ, அதெல்லாம் நாளைக்கு. வீடு போனாலும் போகலாம். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கூடத்தில் தொங்கிய தன் படத்தைத் தாண்டிப் போகத்தான் அதிக வெட்கமாக இருந்தது.

அல்பத்தை இறக்கி, ஏழாம் பக்கத்துப் படத்தை உருவிக்கொண்டு கத்தரின் வீட்டு மணியை அடித்தாள். கதவு திறந்தது.

“அப்பாவுக்கு ஏதாவது…? நான் வரட்டுமா?” கத்தரின் ஏற்கனவே தன் குளிர்க் கோட்டை எடுத்துவிட்டாள்.

“அப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவர் அந்த மனிதனுக்கு இதைத்தான் காட்டினார். நான் அவருக்கு மூளை சரியில்லை என்று சொன்னேன்.”

கத்தரின் படத்தை வாங்கினாள். தன் றப்பர் பூட்ஸைக் கண்டாள், வடைத்தட்டைக் கண்டாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகம் முழுவதும் பரவியது. என்னிடமும் கேட்டான், நானும் இல்லை என்றுதான் சொன்னேன், என்றாள் மெதுவாக. கோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே மாட்டுவதென்று தெரியாதவள்போல நின்றாள்.

“நான் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தேனே,” என்றாள். “ஒவ்வொரு நாளும்.”

வேலிக்கு அப்பால், தோட்டக் கோடியில், செல்வரத்தினம் தடிக்குப் பக்கத்தில் குந்தி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசலிலேயே நின்றார்கள்.