குலுக்கலில் விழுந்த ஏழு படங்கள்

ஏழு வருடமாகக் குலுக்கலில் என் பெயர் ஒருமுறைகூட விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் என் மனைவி பெயர்தான். ஒரு ஜப்பானிய ஓவியர் வருடத்துக்கு ஒரு படம் அச்சிடுவார். நூறே பிரதி; ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இருக்கும். கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதால் கேலரிக்காரர்கள் குலுக்கிப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு விண்ணப்பம், அதுவும் தனக்காக மட்டும். நான் என் பெயரில் ஒன்றும் அவள் பெயரில் ஒன்றும் போடுவேன். அவளுடைய மின்னஞ்சலைப் பார்ப்பதும் நான்தான்.

ஏன் இந்தப் பைத்தியம் என்றால், நானும் அச்சடிப்பவன். துணிப்பைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங். நாள் முழுக்க நின்று ஒரே பச்சை மையைச் சட்டத்தின் மேல் இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போகிறது. வீட்டுக்கு வந்து அந்தப் படங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தால்தான் மனுஷனாகிறேன். நான்காவது படத்தில் ஒரு நீலம் இருக்கிறது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. அதை எப்படிக் கொண்டுவந்தார் என்று அவரிடமே கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

"உங்க பேருக்கு ராசி பத்தாது. எல்லாம் என் ராசி" என்பாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் நாளெல்லாம் துணி மடிக்கிறவள். அங்கே யார் அவளைப் பாராட்டப் போகிறார்கள்? இதிலாவது பெருமையடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஏழாவது படம் வந்த கையோடு ஓவியரே கேலரிக்கு வந்தார். ஏழும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அழைப்பு. பெயருக்கு உரியவர் மட்டும் வரலாம்.

"நான் போய் என்னத்தப் பேசறது? ஆளை விடுங்க."

கெஞ்சிக் கூத்தாடி, கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இருபத்திரெண்டு தடவையாம்! மையைத் தண்ணியாக் கரைச்சு, காயக் காய, இருபத்திரெண்டு தடவை இழுத்தாங்களாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்திரண்டு!

"அப்புறம் கேளுங்க. இது தொழில் தெரிஞ்சவங்க கேக்கற கேள்வியாச்சே, யார் எழுதினதுன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர்னேன். படமெல்லாம் அவரோடதுதான், அவர்தான் என் பேர்ல எழுதிப் போடுவார்னேன். பக்கத்துல நின்னு மொழி மாத்திச் சொன்ன கேலரிக்காரர் எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டார். உங்களைப் பத்தி நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை சந்தோஷம். விழுங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் கேலரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்தவர் பெயரில் விண்ணப்பித்தது விதிமீறல். எங்கள் இருவர் பெயரையும் நீக்கிவிட்டார்கள். இனி எந்தக் குலுக்கலிலும் இடமில்லை. இரண்டு முறை படித்தேன். யாரைத் திட்டுவது? அலுப்பாக இருந்தது. அவள் கண்ணில் படுமுன் அழித்தேன்.

எட்டாவது படத்தின் அறிவிப்பை அவளே எங்கோ பார்த்துவிட்டாள்.

"என் பேரைப் போட்டாச்சா?"

"போடல. சலிச்சுப் போச்சு."

"சலிச்சுப் போச்சா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இத்தனை வருஷத்துல எதையாவது உருப்படியா முடிச்சிருக்கீங்களா?"

வாய் ஓயவில்லை. அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் அழுதேவிட்டாள்.

"என்னால உங்களுக்கு ஆகறது இது ஒண்ணுதான்" என்றாள். "அதையும் வேணாம்னுட்டீங்க."