நாட்டுச் சுரை

மரியராஜ் வீட்டுக் கொல்லையில் அந்த வருஷம் பிழைத்து நின்றது ஒரே ஒரு கொடிதான். அதில் திரண்டு தேறியது இரண்டே காய். ஒன்றை அவர் குடித்தார். இன்னொன்று மதில் தாண்டி அடுத்த வீட்டு அடுப்புக்குப் போனது. குடித்தவரைக் காப்பாற்றுவது மருத்துவமனையின் பாடாயிற்று. அடுப்புக்குப் போனது இலையில் விழாமல் தடுப்பது அவர் மனைவி ஜோஸ்பினின் பாடாயிற்று.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

சின்னாளப்பட்டி போகிற ரோட்டில், முன்பு சோளம் விளைந்த காட்டைப் பிளாட் போட்டு விற்றார்கள். அங்கே வீடு கட்டிக் குடிவந்த இவர்களுக்குச் செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது. மரியராஜ் நூற்பாலையில் சூப்பர்வைசர். ஜோஸ்பின் ஜாக்கெட் தைப்பவள். மகள் ஜெர்லின் பி.காம். படிக்கிறாள். மரியராஜுக்குச் சர்க்கரை வந்த பிறகு சாப்பாட்டின் மேல் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மார்க்கெட் காயில் மருந்து, அரிசியில் மருந்து, பாலில் மருந்து என்று எதை எடுத்தாலும் சந்தேகம். யூடியூபில் நாலு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு, இனிமேல் நம் காய் நம் கொல்லையில் என்று ஒரு நாள் மண்வெட்டி வாங்கி வந்தார்.

தக்காளி முதலில் போனது. இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. உரம் பத்தவில்லை என்று நினைத்து மேலும் மேலும் சாணம் போட்டார்கள். குறை உரத்தில் இல்லை. வீடு கட்டிய கொத்தனார்கள் மிச்சச் சிமென்டையும் சுண்ணாம்பையும் அந்த மண்ணிலேயே கொட்டி மூடியிருந்தார்கள். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. வேர் கரைசலைத்தான் குடிக்கும். சுண்ணாம்பு இரும்பைக் கரையவிடாது. எதிரே சோறு இருந்தும் வாயைக் கட்டிப் போட்டால் எப்படியோ, அப்படி. கத்தரியைப் புழு துளைத்தது. மிச்சம் மீதி இருந்த கீரையையும் வெண்டையையும், ஒரு மத்தியானம் கம்பி வேலி இடுக்கில் நுழைந்த ஆடுகள் மொட்டையடித்தன.

ஆடுகள் விட்டுவைத்தது சுரைக்கொடியை மட்டும்.

அந்தக் கொடியின் விதை கடையில் வாங்கியதல்ல. ஏதோ கைவினைக் கண்காட்சியில் ஜெர்லின் வாங்கி வந்த சுரைக்குடுக்கை, வர்ணம் பூசி ஹாலில் தொங்கியது. ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு மரியராஜ் அதைச் சுத்தியலால் உடைத்தார். ஜெர்லின் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடையில் விற்பதெல்லாம் ஹைபிரிட், இதுதான் கலப்படமில்லாத நாட்டு விதை என்று அவர் விதைகளைக் கையில் ஏந்தி மனைவியிடம் காட்டினார்.

நாட்டு விதைதான், சந்தேகமில்லை. ஆனால் குழம்புக்கு வளர்க்கும் சுரை வேறு, குடுக்கைக்கு வளர்க்கும் சுரை வேறு. காட்டில் தானாக முளைத்த காலத்தில் சுரை முழுவதும் கசந்ததுதான். கண்டதும் கடித்துவிடாதிருக்கக் கொடி தன் காய்க்குள் ஒரு நஞ்சை ஊற வைத்திருந்தது. மனிதன் கசக்காத காயின் விதையை மட்டும் எடுத்து எடுத்து விதைத்து, தலைமுறை தலைமுறையாக அந்த நஞ்சைக் கழற்றினான். குடுக்கைக்கு வளர்த்தவனுக்கு அந்த வேலையே இல்லை. அவன் பார்த்தது ஓட்டின் கெட்டியை. காய் கசந்தால் அவனுக்கு இன்னும் நல்லது. காய்ந்து முடியும்வரை எதுவும் அதில் வாய் வைக்காது.

இதெல்லாம் ஜோஸ்பினுக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், கொடி மதில்மேல் ஏறிப் படர்ந்து, சாயங்காலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது என்பதுதான். பிஞ்சு விட்டது. ஒரு காயில் அணில் பல் பதித்திருந்தது. ஒரே ஒரு கடி. கடித்த இடத்தில் பிசின் கசிந்து கறுத்துக் காய்ந்திருந்தது. அணில் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. ஜோஸ்பினுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசில் என்னவோ இடறும். கணவரிடம் சொன்னாள். கர்த்தர் இதை மட்டுமாவது நமக்கென்று விட்டுவைத்திருக்கிறார் என்றார் அவர். ஆறு மாதம் மண்ணோடு மல்லுக்கட்டித் தோற்ற மனிதரின் முகம் அப்போது இருந்த இருப்பில், அவளுக்கு மேலே பேச வாய் வரவில்லை.

காய் பறித்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வருஷம் தவக்காலமும் ரமலானும் ஒன்றாகவே வந்தன. ஜோஸ்பின் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பவள். மத்தியானம்வரை பல்லில் தண்ணீர் படாது. மதிலுக்கு அந்தப்பக்கம் ஜெய்தூன் பீவி முப்பது நாளும் நோன்பு. சமைக்கும்போது இரண்டு பேருமே நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை.

“நீயும் உப்புப் பாக்குறதில்ல, நானும் பாக்குறதில்ல. ரெண்டு வீட்டு ஆம்பளைகளும் ஆண்டவன நம்பித்தான் சாப்புடுறாக” என்று ஜெய்தூன் பீவி சொல்லிச் சிரிப்பாள்.

மரியராஜ் சர்க்கரைக்காகத் தினமும் காலையில் சுரைக்காய்ச் சாறு குடிப்பவர். அன்று சொந்தக் காய். ஜோஸ்பின் தோல் சீவி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டிப் பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

“கசக்குது” என்றார்.

“கசந்தா விட்டுருங்க. கீழ ஊத்திருவோம்.”

“ஊத்துறதா? கசந்தாத்தான் புள்ள சுகருக்கு நல்லது. பாகக்கா கசக்கல? வெந்தயம் கசக்கல? மார்க்கெட்டுக் காய்தான் சப்புன்னு இருக்கும்.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

நாக்கு என்பது வயிற்றுக்கு வாசலில் நிற்கிற காவல். கசப்பு என்று அது சொன்னால் உள்ளே விடாதே என்று அர்த்தம். பாகற்காயும் வேப்பம்பூவும் தின்று பழகிய நாம் அந்தக் காவலை அதட்டி உட்கார வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. பாகற்காயில் கசப்பு இருக்க வேண்டியது. சுரைக்காயில் இருக்கக் கூடாதது. அந்த ஒரு வித்தியாசம்தான் அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது.

அவர் வேலைக்குக் கிளம்பியதும் ஜோஸ்பின் இரண்டாவது காயை மதில்மேல் வைத்து ஜெய்தூன் பீவியைக் கூப்பிட்டாள். கொஞ்சம் கசக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. முதன்முதலாகக் காய் கொடுக்கும்போதே குறை சொல்லிக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். ஜெய்தூன் பீவிக்கு வாயெல்லாம் பல். சாயங்காலம் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நோன்பு திறக்க வருகிறார்கள். நெய்ச்சோறு, பருப்போடு இந்தச் சுரைக்காயைப் போட்டுத் தாள்ச்சா என்று சொல்லிக் காயை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்கு முன்னாலேயே மில்லிலிருந்து போன் வந்தது. மரியராஜ் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது வாந்தியில் ரத்தம் தெரிந்தது. மில் கேன்டீன் சாப்பாடாக இருக்கும் என்று பகல் டாக்டர் நினைத்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது, ஒன்றும் சாப்பிடவில்லை, சாறு மட்டும்தான் என்றாள் ஜோஸ்பின். சாற்றை டாக்டரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சுரைக்காய்ச் சாற்றை யார் சந்தேகப்படுவார்கள்? பகல் முழுவதும் பாட்டில் பாட்டிலாக மருந்துநீர் ஏற்றியும் ரத்த அழுத்தம் ஏறவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு டியூட்டி மாறி ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். எழுதியிருந்ததையெல்லாம் படித்தவர் நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்டார்.

“காய் கசந்துச்சாம்மா?”

“கசந்துச்சுன்னு சொன்னாருங்க. கசந்தா நல்லதுன்னு...”

டாக்டர் அவளை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். கசப்புச் சுரையில் இருக்கிற நஞ்சு குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். ரத்தக்குழாய்கள் நீரைத் தாங்காமல் கசியவிடும். கசியக் கசிய உடம்பில் ஓடுகிற ரத்தம் குறைந்து அழுத்தம் விழும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. கசிகிற வேகத்துக்கு ஈடாக நீரை ஏற்றிக்கொண்டே இருந்து, உடம்பு தானாக நஞ்சைக் கழிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்று ராத்திரி தாண்டட்டும் என்றார்.

ஜோஸ்பின் கேட்டது வேறு. “வேக வச்சாப் போயிருமாம்மா?”

“போகாது. எம்புட்டு கொதிச்சாலும் அப்படியே இருக்கும். ஏன், வீட்டுல மிச்சம் இருக்கா?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் மஞ்சளாகியிருந்தது.

ஜெய்தூன் பீவியின் போன் அடித்து அடித்து நின்றது. விருந்து வீட்டில் போன் எந்த அலமாரியில் கிடக்கிறதோ. ஜெர்லினை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஜோஸ்பின் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டவே பெரும்பாடு. பூ மூட்டை ஏற்றிய வேன்கள், ஸ்கூல் பஸ், எதிர்ப்பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம். போனை அவள் காதிலிருந்து எடுக்கவே இல்லை. வண்டி மதுரை ரோட்டுக்குத் திரும்பும்போது ஒரு பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற பாங்கு எழுந்தது. அது முடியுமுன் தூரத்தில் இன்னொன்று. ஜோஸ்பின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள். பேரீச்சம்பழம் தின்று கஞ்சி குடித்து நோன்பு திறந்துவிட்டு, ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். உள் அறையில் ஜெய்தூன் பீவியும் மகளும் தொழுதுகொண்டிருந்தார்கள். ஹாலில் பாயில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மருமகள் நுஸைபா நெய்ச்சோற்றின் மேல் ஊற்றக் கரண்டியில் தாள்ச்சாவை அள்ளியிருந்தாள்.

ஜோஸ்பின் அந்தக் கையைப் பிடித்தாள். தாள்ச்சா பாயில் சிந்தியது.

“யாரும் தொட வேணாம். அந்தச் சுரக்கா விஷம்.”

தொழுகை முடித்து வந்த ஜெய்தூன் பீவி எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பிள்ளைகளை எழுப்பிக் கை கழுவச் சொன்னாள். பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடினாள். மரியராஜுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஜோஸ்பின் பதில் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சும் அதோடு சேர்ந்து வந்தது. பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள்.

நுஸைபா மட்டும் கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

“கசக்கத்தான் செஞ்சுச்சுக்கா” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“எனக்கு இன்னைக்கி நோன்பு இல்ல. மாமிக்கு உப்புப் பாத்துச் சொல்ல நாந்தான். மொத வாயே கசந்துச்சு. கூடப் போட்ட கத்தரிக்காயாத்தான் இருக்கும்னு நெனச்சேன். புளி கூட ஊத்திப் பாத்தேன். வெல்லம் போட்டுப் பாத்தேன். விருந்தாளு வர்ற நேரத்துல கொட்டவா முடியும்? கசப்பு போற வரைக்கும் ஊத்தி ஊத்திப் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“எம்புட்டும்மா குடிச்ச?” ஜெய்தூன் பீவி அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

நுஸைபா அடுப்பு மேடையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். “கடைசில நல்லா இருந்துச்சு மாமி” என்றாள். பிறகு, “சாயங்காலம் அஸர் பாங்குக்குப் பிறகு வயிறு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வேலை கெடக்கேன்னு சொல்லல” என்றாள்.

ஆட்டோ வாசலிலேயே நின்றது. மகளிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஜெய்தூன் பீவி ஒரு பக்கமும் ஜோஸ்பின் ஒரு பக்கமுமாக நுஸைபாவை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒன்றும் இல்லைக்கா, லேசாகப் பிரட்டுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்வது வரவரக் குறைந்தது. ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஜோஸ்பின் அவளோடு இறங்கி, ரோட்டோரத்தில் குனிந்தவளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பார்க்கக் கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். பின்னால் வந்த லாரியின் வெளிச்சம் தரையில் விழுந்தபோது சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டாள்.

நுஸைபாவின் வாயைத் தன் முந்தானையால் துடைத்து, அந்த முனையை ஜெய்தூன் பீவி பார்க்காதபடி உள்ளே மடித்துச் செருகினாள்.

“அண்ணே, எங்கேயும் நிக்காமப் போங்க” என்றாள்.