பவளத் தட்டு

தாட்சாயணி உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு மண்ணை உருட்டினாள். ஏரிக் களிமண்ணைத் துணியில் வடிகட்டி, பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து, ஈரச் சாக்குக்குள் மூடி வைத்த மண். மணி திரண்டு வந்ததும் தென்னை ஈர்க்கால் குத்தித் துளை போட்டு முறத்தில் வைத்தாள். எதிர்ச் சுவரோரம் அவள் மாமனார் வேதாச்சலம், உமிச் சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்த மணிகளை ஒவ்வொன்றாக முன்பல்லில் தட்டிப் பார்த்தார். வெந்த மணி கணீரென்றது. வேகாததை ஓரமாக எறிந்தார். சாயம் ஏற்றுவது அவர் மகன் ஏழுமலையின் வேலை. அவன் மணியை இரும்புக் கம்பியில் கோத்துக் கரியடுப்பின் மேல் சுழற்றி, சூடேறியதும் சிவப்பு அரக்குக் குச்சியைத் தொட்டு எடுத்தான். அரக்கு உருகி மணியைச் சுற்றிப் படர்ந்து பளபளத்தது.

மூலையில் கூடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. மணி, கம்மல், ஜிமிக்கி எல்லாம் கட்டு பிரிக்காமல் கிடந்தன. திருப்பதி பஜாரில் எந்தக் கடையும் அவற்றைத் தொடவில்லை. யுகாதிக்கு முந்தின வாரத்திலிருந்து அப்படித்தான்.

அந்த வாரம் நரசிம்முலுவின் கடைக்குத் தாட்சாயணிதான் சரக்கு கொண்டுபோயிருந்தாள். வளையல், குங்குமம், மண்மணியோடு அசல் பவளமும் விற்கிற பெரிய கடை. அவள் ஜிமிக்கிகளை எடுத்து வைத்துவிட்டு இறங்கியபோது, வெல்வெட் விரித்த தட்டில் ஒரு பவளச் சரத்தைக் காணோம். "மணிக்காரி எடுத்துட்டா" என்று நரசிம்முலு கத்தினான். அவன் மனைவி ரத்னம்மா தெருவில் இறங்கி வந்து தாட்சாயணியின் முந்தானையை உதறினாள். இடுப்புச் செருகலை அவிழ்த்துப் பார்த்தாள். கூடை கவிழ்ந்து, ஜிமிக்கிகள் மாட்டுவண்டிச் சக்கரத்தில் நொறுங்கின. மொட்டையடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய யாத்திரிகர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "முழுங்கியிருப்பா" என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

சில நாள் கழித்து ரத்னம்மா வெல்வெட்டை வெளியே கொண்டுவந்து உதறினாள். கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து பவளச் சரம் படியில் விழுந்தது. படிக்குக் கீழே பூக்கூடை வைத்திருந்த சென்னம்மா அதைப் பார்த்தாள். இருட்டிய பிறகு வந்து வேதாச்சலத்திடம் சொன்னாள்.

"இத பஜார்ல சொல்லு சென்னம்மா."

"எம் பூக்கூட அவங்கடை நெழல்ல கீது, அண்ணா. என்ன இழுக்காதே."

நரசிம்முலுவும் யாரிடமும் சொல்லவில்லை. மற்றக் கடைக்காரர்கள், "அந்தப் பொண்ணு வராம நீங்க வந்தாலும் வேணாம் பெரியவரே" என்றார்கள்.

வேதாச்சலம் வெளுத்த வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நரசிம்முலுவின் கடைக்குப் போனார். வெளியே யார் வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர் அவர். நரைத்த மீசையைக் காலையிலேயே சீவி முறுக்கியிருந்தார்.

"ரா பெத்தாயனா, கூர்ச்சோ" என்று நரசிம்முலு ஸ்டூலை நகர்த்தினான்.

வேதாச்சலம் உட்காரவில்லை. "பவளம் கெடச்சிடுச்சாமே."

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? கெடச்சிதா, இல்லியா?"

படிக்குக் கீழே சென்னம்மா தலையைக் குனிந்துகொண்டு பூ கட்டினாள்.

"கெடச்சுது. யாபாரத்துல இதெல்லாம் சகஜம்" என்றான் நரசிம்முலு. "நாளைலருந்து சரக்கு கொண்டா. நான் எடுத்தா மத்தவனும் எடுப்பான். பொண்ணுக்கு ஒரு சீர எடுத்துக் குடுக்கறேன், நல்ல வெங்கடகிரிப் பொடவ."

"சீர வேணாம். எந்த எடத்துல அவ இடுப்ப அவுத்தீங்களோ, அதே எடத்துல நின்னு 'தப்பு என்னுது'ன்னு எம் மருமவகிட்ட சொல்லு. பஜாரு கேக்கணும். அவ்ளோதான்."

நரசிம்முலு முதலில் புரியாதவன்போலப் பார்த்தான். பிறகு சிரித்தான். "நானு? நடு ரோட்ல? மண்ணு உருட்டறவளுக்கு?"

"ஆமா."

"அரவம் பேசற தமிழங்களுக்கு இப்ப ரோஷம் ஜாஸ்தியாய்டுச்சு. அதான் போன மாசம் திருத்தணிய ஆந்திராலருந்து பிரிச்சு மதராஸோட சேத்துட்டாங்களே. நீயும் மூட்ட கட்டிக்கினு போயேன். அங்க போய் நாயம் கேளு."

"எங்க சொந்த ஊரு நகரிக்கிட்ட. அது இந்தப் பக்கம்தான் கீது. நானும் இந்தப் பக்கம்தான் இருப்பேன். நீ சொல்ற வரைக்கும் இருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னார். ஏழுமலை அரக்குக் கம்பியை அடுப்பில் குத்தினான். "ஒரு தீப்பெட்டி போதும் நைனா. அவங் கடை மொத்தமும் துணியும் மரமும்தான்."

"கொளுத்திட்டு ஜெயிலுக்குப் போவே. திருட்டுக்காரி புருசன் தீ வச்சான்னு சேத்துச் சொல்லுவாங்க. வேலையப் பாரு."

"சீர தரேன்னானா?" என்றாள் தாட்சாயணி, மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாங்கியாந்திருக்கணும் மாமா. அதாலயே அவங் கழுத்த இறுக்கியிருப்பேன்."

வைகாசி பிறக்கும் சமயத்தில் கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டினார்கள். வேண்டுதல் உள்ள ஆண்கள் அம்மன் வேஷம் கட்டுவார்கள். புடவை கட்டி, வேப்பிலை செருகி, கழுத்து நிறைய மணி போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கண்டவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். எப்பேர்ப்பட்ட பெரிய மனிதனும் பதில் பேசக் கூடாது, கை ஓங்கக் கூடாது. போலீஸ் கேஸும் கிடையாது. வேஷம் கட்டுகிற ஓர் ஆள் வந்து பெரிய சிவப்பு மணியாகப் பொறுக்கி எடுத்துப் போனான். அவன் போன பிறகும் வேதாச்சலம் அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் நான் கட்டறேன்" என்றார்.

ஏழுமலை கம்பியைக் கீழே வைத்தான். "நீயா? நான் கட்டறேன் நைனா."

"நீ ஏசினா, வாலிபன் ஆத்திரத்துல பேசறான்னு போய்டும். நான் ஏசணும்."

"ஜாத்திரையில வாங்கற திட்ட புண்ணியம்னு எடுத்துக்குவாங்க மாமா" என்றாள் தாட்சாயணி.

"வெறும் திட்டு புண்ணியம். நடந்தத அப்படியே சொன்னா? பேரச் சொல்லி, பவளத்தச் சொல்லி, அதே எடத்துல நின்னு சொன்னா? அவன் வாய அடைக்க முடியாது. பஜார் மொத்தமும் கேக்கும்."

அவள் யோசித்தாள். "ஏசறதுக்கு வார்த்த வேணுமே. உங்க வாய்ல 'சனியனே'க்கு மேல வராதே."

"சொல்லிக் குடு."

தாட்சாயணி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னாள். ஒன்றைவிட ஒன்று மோசமாக இருந்தது. ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டான். "இதெல்லாம் எங்கடி கத்துக்கினே?"

"பஜார்ல நின்னு சரக்கு வித்தவ நானு. நீ அடுப்புக்கிட்ட குந்திக்கினு இருந்தே."

வேதாச்சலம் முதுகை நிமிர்த்தி ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார்.

"வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி சொல்லாதீங்க மாமா. காறித் துப்பற மாதிரி சொல்லணும்."

மறுபடி சொன்னார். இந்த முறை ஏழுமலைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜாத்திரையன்று காலையில் நாவிதரை வரச்சொல்லி மீசையை எடுத்துவிட்டார். வாலிப வயதிலிருந்து இருந்த மீசை. அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. காதிலிருந்த கடுக்கனைக் கழற்றி ஏழுமலையிடம் கொடுத்தார். "அன்னிக்கி நீ கட்டியிருந்த பொடவையக் கொண்டா" என்று தாட்சாயணியிடம் சொன்னார். அன்று வண்டிச் சக்கரத்துக்குத் தப்பிய ஜிமிக்கிகளில் ஒரு ஜோடியை அவள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். அதையே அவர் காதில் மாட்டினாள். மாமனாரின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. குங்குமத்தைக் குழைத்து நுனிவிரலால் மட்டும் தொட்டுப் பூசினாள்.

"நல்லா பூசு" என்றார்.

பம்பைக்காரர்கள் முன்னே போக, வேதாச்சலம் பஜாருக்குள் வந்தார். வெயிலில் மண் கொதித்தது. வேறு எந்தக் கடை முன்னாலும் அவர் நிற்கவில்லை. நரசிம்முலுவின் கடைக்கு எதிரே, கூடை கவிழ்ந்த அதே இடத்தில் கால் ஊன்றி நின்றார். தாட்சாயணியும் ஏழுமலையும் தெருவின் கீழ்ப்பக்கம், கரண்டுக் கம்பத்தடியில் கூட்டத்தோடு நின்றார்கள்.

"டேய் நரசிம்முலு!"

நரசிம்முலு எழுந்து வந்தான். வேதாச்சலம் ஏசினார். தாட்சாயணி சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. அவன் அப்பனை ஏசினார், அவன் தராசை ஏசினார், அவன் தின்கிற சோற்றை ஏசினார். கூட்டம் விசிலடித்தது. பம்பை வேகம் பிடித்தது. பிறகு குரலை உயர்த்தினார்.

"பவளத்த உன் பொண்டாட்டி வெல்வெட்டுக்குள்ள வச்சிக்கினு, எம் மருமவ இடுப்ப நடுத்தெருவுல அவுத்தியேடா! உதறினப்ப பவளம் படியில வுழுந்துச்சா, இல்லியா? வுழுந்தத ஊருக்குச் சொன்னியா? அவ திருடியா, நீ திருடனா? சொல்லுடா!"

"அம்மா எல்லாத்தையும் சொல்லுதுய்யா!" என்று யாரோ கத்தினான். கூட்டம் இன்னும் சிரித்தது. சென்னம்மா பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நரசிம்முலு படியிறங்கி வந்தான். அவன் முகத்தில் புன்னகை இருந்தது. கைகளைக் கூப்பினான். ரத்னம்மா செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து வேதாச்சலத்தின் காலில் ஊற்றினாள்.

"இன்னும் திட்டு தாயே" என்றான் நரசிம்முலு. "எவ்ளோ திட்டறியோ அவ்ளோ நல்லது எங்களுக்கு. நல்லா திட்டு."

வேதாச்சலம் குனிந்து தன் காலைப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் விரலிடுக்கில் ஓடி மண்ணில் இறங்கியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

பம்பை கொஞ்சம் அடித்துப் பார்த்தது, பிறகு ஓய்ந்தது. நரசிம்முலு காத்திருந்தான். "ஏன் தாயே நிறுத்திட்டே?"

"அம்மா வாய மூடிக்கினு வாசல்ல நின்னா ஆவாதுய்யா" என்றான் பம்பைக்காரன். "அந்த வீடு வெளங்காது."

நரசிம்முலுவின் புன்னகை போய்விட்டது. ரத்னம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கணவனின் கையைப் பிடித்தாள். வேதாச்சலம் அசையவில்லை. அவர் காதில் ஜிமிக்கி மட்டும் ஆடியது. நரசிம்முலுவின் கழுத்தில் வேர்வை இறங்குவதை அவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டு தாயே! இன்னா வேணும் உனக்கு? இன்னா சொல்லணும்?"

"பண்ணதச் சொல்லு" என்றார் வேதாச்சலம்.

நரசிம்முலு மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சட்டையெல்லாம் மஞ்சள் சேறு. "தப்புதான் தாயே! தப்பு என்னுது! மன்னிச்சிடு!"

பஜார் மொத்தமும் அதைக் கேட்டது. ஏழுமலை கம்பத்தடியிலிருந்து ஓரடி முன்னால் வந்தான்.

"எங்கிட்ட இல்லடா" என்றார் வேதாச்சலம். மணிகள் குலுங்கக் கையை நீட்டிக் காட்டினார். "அங்க. அவகிட்ட. அவகிட்டச் சொல்லு."

நரசிம்முலு எழுந்து அவர் காட்டிய பக்கம் பார்த்தான். கம்பத்தடியில் தாட்சாயணி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், தெருக்கோடியில், வேப்பிலைத் தோரணம் கட்டிய கங்கம்மா கோயில் தெரிந்தது. அவன் கண் தாட்சாயணியின் கண்ணைச் சந்தித்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் குவித்தான்.

"கங்கம்மா தாயே!"

கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிக் கைகளை உயர்த்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். பம்பை மறுபடி முழங்கியது. தாட்சாயணியின் தலைக்கு மேலே அத்தனை கைகளும் கூப்பி நின்றன. பக்கத்திலிருந்த ஒரு கிழவர் அவள் தோளைத் தொட்டு ஒதுக்கினார்.

"நவுரும்மா. சாமிய மறைச்சிக்கினு நிக்கறியே."

ரத்னம்மா வேதாச்சலத்தின் பக்கத்தில் வந்து, பிரசாதம் வேண்டும் என்று சொல்லி, அவர் இடக்காதிலிருந்த ஜிமிக்கியைத் தானே கழற்றி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டில் யாரும் அன்று சோறு தின்னவில்லை. குங்குமத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த அப்பனிடம் ஏழுமலை சொன்னான்: "சொல்லிட்டானே நைனா. எல்லாரும் கேட்டாங்க."

"யாருகிட்டச் சொன்னான்?"

மறுநாள் காலையில் வேதாச்சலம் மறுபடி நாவிதரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு ராத்திரியில் முளைத்திருந்த நரை முள்ளையும் எடுக்கச் சொன்னார். "மீச வேணாங்களா பெரியவரே?" என்று நாவிதர் கேட்டார்.

"அவன் சொல்லட்டும். அப்பால வெச்சிக்கறேன்."

தாட்சாயணி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பஜாரில் சரக்கு எடுக்காவிட்டாலும் ரயிலடியில் கூவி விற்கலாம். ரயிலடிக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். நரசிம்முலுவின் கடை வாசற்காலில், வேப்பிலைக் கொத்தோடு சேர்த்து, மஞ்சள் நூலில் அவள் செய்த ஜிமிக்கி தொங்கியது. குங்குமம் வைத்திருந்தார்கள். ரத்னம்மா அதற்குக் கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது தெருவில் கூடை வந்துகொண்டிருந்தது. ரத்னம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். முன்பக்கம் இருந்த பவளத் தட்டை உள்ளே இழுத்து, தாட்சாயணி கடையைத் தாண்டிப் போகும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.