வேருக்குப் புழு ஏறாது

அண்ணியைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். எனக்கு யாரையும் சுலபத்தில் பிடிக்காது. பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வர வழியில்லை. சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டைத் திட்டுகிறவர்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். என் அண்ணன் மனைவி மட்டும் அதில் சேர்த்தியில்லை.

அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இருபத்தாறு வருஷம். கட்டடத்தின் பின்பக்கம், நோயாளிகள் கண்ணில் படாத இடம். அங்கே இரண்டு வாசல் உண்டு. ஒன்றில் அழுக்குத் துணி உள்ளே போகும், மற்றதில் வெளுத்த துணி வெளியே வரும். அழுக்கு வாசலில் நிற்பவர் அன்று முழுக்கச் சுத்த வாசல் பக்கம் கால் வைக்கக் கூடாது. பெரிய டாக்டர் ஒருவர் குறுக்கே நடக்கப் பார்த்தபோது, அவரையும் சுற்றிக்கொண்டுதான் வரச் சொன்னார் அண்ணி. அவரும் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிக்கொண்டு வந்தாராம்.

வீட்டுக்கு வந்தால் கொல்லையில் ஃப்ளாக்ஸ் பூச்செடிகள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பு உயரம் வளரும். தண்டின் நுனியில் ஐந்து இதழ்ப் பூக்கள் ஒரே கொத்தாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சாயங்காலம் நல்ல வாசனை. குளிர்காலத்தில் மேலே காய்ந்துவிடும், வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருந்து வசந்தத்தில் மறுபடி தழைக்கும். வைத்துவிடுவது சுலபம். காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

ஒரு புதரில் இருபது தளிர் வந்தால் அண்ணி ஐந்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளி எறிவார். முதல் தடவை பார்த்தபோது பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"நல்லாத்தானே இருக்கு அண்ணி, எதுக்குப் பிச்சு எறியறீங்க?"

"நடுவுல காத்து போகணும் தம்பி. நெருக்கமா நின்னா நோய் வந்து இலையெல்லாம் வெள்ளையா மாவு பூத்துரும்."

தண்ணீர் ஊற்றினால் இலையில் ஒரு சொட்டு படாது, எல்லாம் அடியில்தான். வாடிய கொத்தை விதை கட்டுவதற்கு முன் வெட்டிவிடுவார். விட்டால் விதை விழுந்து முளைக்கும். முளைத்தது தாயின் நிறத்தில் வராது, சாயம் போன ஊதாவாக வந்து தாயையே அமுக்கிவிடும். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. தன் வெள்ளைப் பூ ராத்திரியோடு ராத்திரியாக ஊதாவாக மாறிவிட்டது என்று அந்த அம்மாள் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அண்ணி அப்படி வெட்டாமல் விட்டது ஒரே ஒரு வருஷம், மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது. முப்பது செடி முளைத்தது. இருபத்தொன்பது ஊதா. மிச்சம் இருந்த ஒன்று வெள்ளை, நடுவில் மட்டும் யாரோ குங்குமம் தொட்ட விரலால் தொட்டுவிட்டுப் போனதுபோல ஒரு சிவப்பு. அதன் இலையில் மாவும் பூக்கவில்லை. அந்தப் பூ வேறு எந்தத் தோட்டத்திலும் இல்லை. அதைப் பிரித்துப் பிரித்து வைத்து அண்ணி ஆறு செடியாக்கினார்.

ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் ஒரு கோடையில் அதைப் பார்க்க வந்தார். சட்டைப் பையில் எப்போதும் லென்ஸ் இருக்கும், அதனால் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடிதான். கால் மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த வசந்தத்துல இருபது செடி குடும்மா. முன்வாசல் வட்டப் பாத்தி முழுக்க இதையே வெச்சுடறேன்."

"வார்டு ஜன்னல்லேர்ந்து தெரியுமா?" என்று அண்ணி கேட்டார். தெரியும் என்றதும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கமாட்டேன். நோயாளிகள் அண்ணியைப் பார்த்ததே இல்லை, இனி அவர் பூவையாவது பார்ப்பார்கள் என்று எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் செடிகளின் நுனி இலைகள் நூல் நூலாகத் திரிந்துபோயின. தண்டு அடியில் வீங்கி வெடித்தது. சந்தையில் வாங்கிவந்த ஒரு சிவப்புப் பூச்செடியோடு அந்த நோய் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நூல்புழு, கண்ணுக்குத் தெரியாது, மருந்து கிடையாது. எல்லாவற்றையும் தோண்டி எரித்துவிட வேண்டும், அந்த மண்ணில் மூன்று வருஷத்துக்கு ஃப்ளாக்ஸ் கூடாது.

நானாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புழு எங்க இருக்கும்? வேர்லயா, தண்டுலயா?"

"தண்டுலயும் இலையிலயும்தான். வேருக்கு ஏறாது."

"அப்ப வேர் சுத்த வாசல்" என்றார் அண்ணி.

மற்றதையெல்லாம் எரித்துவிட்டு, இலையுதிர்காலத்தில் அந்த ஆறு வெள்ளைச் செடியையும் தோண்டினோம். அடிக்கட்டையிலிருந்து தள்ளி இருந்த வேர்களை மட்டும் அறுத்து, மூன்று பேசின் தண்ணீரில் மூன்று தடவை அலசி, கொதிக்கிற வெந்நீரில் போட்டெடுத்த கத்தியால் விரல் நீளத் துண்டுகளாக வெட்டினார். புது மணல் நிரப்பிய மூன்று பெட்டிகளில் துண்டுகளைப் படுக்கவைத்து மூடினார். கொல்லை மண் அழுக்கு என்பதால் பெட்டிகள் என் கடைக்கு வந்தன. முன் ஜன்னலில் இரண்டு, இடமில்லாததால் பின்னறை ஜன்னலில் ஒன்று. அடிக்கட்டைகளை எரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. அந்த வேர்த் துண்டுகள் அறுந்த செருப்பு நூல் மாதிரி இருந்தன. இதிலிருந்து செடி வரப்போகிறதாக்கும் என்று நினைத்தேன். வராமல் போனால் அண்ணிக்கு ஒன்றுமே மிஞ்சாதே என்று ஒரே ஒரு அடிக்கட்டையை எரிக்காமல் ஒளித்து, ஓட்டை போட்ட பெயிண்ட் டின்னில் வைத்தேன். பின்னறையில் பெட்டி இருந்த அதே தட்டில், பெட்டிக்குப் பக்கத்தில். அண்ணி பார்க்க வரும் நாளில் டின்னை மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எனக்கு.

வசந்தத்தில் வேர்த் துண்டுகள் தளிர்விட்டன. முன் பெட்டிகளில் பதினொன்றும் ஒன்பதும், பின் பெட்டியில் பன்னிரண்டு. செருப்பு நூலிலிருந்து செடி! அண்ணி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். என் டின் அதற்கெல்லாம் முன்பே தழைத்துச் சாண் உயரம் நின்றது. பூதக்கண்ணாடி சனிக்கிழமை வருவார், அன்றைக்கு வெளியே எடுத்து அசத்தலாம் என்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் டின் செடியின் நுனி இலை நூலாகத் திரிந்திருந்தது.

டின்னை மட்டும் எரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஈ காக்காவுக்குத் தெரியாது. பெட்டிச் செடிகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பத்து மணிவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முன்வாசல் பாத்தி முழுக்க நூல் இலை, அதன் முன்னால் அண்ணி என்று ஒரு காட்சி கண்ணைவிட்டு நகரவில்லை. கடையை அடைத்துவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனேன்.

அண்ணி வெளியே வந்தார். சொன்னேன். டின்னை ஒளித்ததிலிருந்து எல்லாவற்றையும். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது தெரிந்தது. ஆனால் கேட்டது இதைத்தான்.

"எந்தப் பெட்டி பக்கத்துல இருந்துச்சு?"

"பின்னறைப் பெட்டி. ஒரே தட்டு."

"மத்த ரெண்டுக்கும் தண்ணி எதுல ஊத்தினீங்க?"

"அதே குவளைதான் அண்ணி. டின்னுல குவளை பட்டுச்சா இல்லையான்னு ஞாபகம் இல்லை."

சாயங்காலம் அவரே வந்து பன்னிரண்டு பச்சைச் செடிகளையும் டின்னோடு சேர்த்து எரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாலு வார்த்தை திட்டிடுங்க அண்ணி."

"திட்டினா புழு செத்துருமா?"

சனிக்கிழமை பூதக்கண்ணாடி மிச்சமிருந்த இருபதையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். எல்லாம் அருமையாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"ஒரு கோடை தாண்டட்டும். சந்தேகத்தோட உங்க பாத்திக்கு அனுப்பமாட்டேன்."

"அடுத்த வருஷம் அந்தப் பாத்தி யாரு கைல இருக்குமோம்மா. வண்டி நிறுத்த இடம் வேணும்னு வேற பேசிக்கறாங்க."

"போனாப் போகட்டும்" என்றார் அண்ணி. அந்த வார்த்தையைச் சொல்ல அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் அவராக ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான். அதைத் தன் வாயாலேயே வேண்டாம் என்றார், அதுவும் என் முட்டாள்தனத்துக்காக.

இருபது செடிக்கு இருபது தொட்டி, இருபது தட்டு, இருபது பழைய டம்ளர், ஒவ்வொன்றிலும் பெயிண்டால் நம்பர். ஏழாம் நம்பர் டம்ளர் எட்டாம் நம்பர் தொட்டிக்கு வராது. தொட்டிகளைக் கொல்லையில் மண் படாத கல் மேடைமேல் ஒரு முழ இடைவெளியில் வைத்தார். என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, தனக்குக்கூடத் தனி டம்ளர் கிடையாது என்று புலம்பினார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்தச் செடிகளைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டு, போகும்போது வேலிக்கு வெளியேவே நின்றேன்.

கோடை நடுவில் ஏழும் பதின்மூன்றும் நுனி திரிந்தன. பாத்திக்குப் போயிருந்தால் இருபதும் போயிருக்கும். அண்ணி இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் எரித்தார், கையைத் துடைத்தார், எட்டாம் நம்பருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். இப்படி ஒரு மனுஷியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மற்ற பதினெட்டும் அகல இலையோடு நின்று பூத்தன, ஒவ்வொன்றிலும் அந்தச் சிவப்புப் பொட்டு.

மறு வசந்தத்தில் பாத்தி பாத்தியாகவே இருந்தது. வண்டிகளை அதில் ஏற்றவிடாமல் பூதக்கண்ணாடி யார் யாரிடமோ சண்டை போட்டிருக்கிறார். தள்ளுவண்டியில் பதினெட்டுத் தொட்டிகளும் முன்வாசலுக்குப் போயின. அண்ணி வேலை உடுப்போடு முன்வாசலுக்கு வந்து நின்றார். மேலே ஜன்னல்களில் நாலைந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. நான் படிக்கட்டுப் பக்கம் தூணோடு தூணாக நின்றுகொண்டேன்.

அண்ணி முதல் குழியைத் தோண்டிவிட்டு நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"என்ன தம்பி அங்கயே நின்னுட்டீங்க? வாங்க, முதல் செடியை நீங்க வைங்க."

"நானா? வேணாம் அண்ணி. நான் வெச்ச லட்சணம்தான் தெரியுமே."

"தெரியும். வந்து சொன்னீங்கல்ல, அதுவும் தெரியும். கையைக் கழுவிட்டு வாங்க."

குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் இரண்டு தடவை கழுவினேன். திரும்பி வந்ததும் அண்ணி என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். பிறகு செடியைக் கொடுத்தார்.