இருபதுக்கு மேல் செல்லாது

என் வீட்டுக்காரர் குமேயோ தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று, கட்லெட்டுக்கு எங்கள் கடை வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள்.

"வாங்க மாட்டேங்கிறான், மினேகோ. ஒரே மாதிரிக் காசு இருபதுக்கு மேல குடுத்தா வாங்கணும்னு கட்டாயமில்லையாம். சட்டமாம்."

எதிரே பழைய சாமான் கடை வைத்திருக்கும் எபிசாவாவைத்தான் சொன்னார். அந்தக் கடைக் கண்ணாடிக்குள் தொங்குவது குமேயோவின் சாக்சபோன். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் எண்ணெய்ச் சட்டி ஓட்டை விழுந்தபோது அதை விற்றுத்தான் புதுச் சட்டி வாங்கினோம். அன்றிலிருந்து இந்த மனுஷன் ஒரு பாட்டுகூட முணுமுணுத்ததில்லை. சிகரெட்டை விட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் ஓர் ஐந்நூறு யென் காசை டப்பாவில் போட்டுவந்தார். கடைப் பணத்தைத் தொடமாட்டேன் என்று வீம்பு வேறு. விலை எண்பதாயிரம். நேற்று நூற்றறுபதாவது சனிக்கிழமை, கணக்குச் சரியாய்ப் போச்சு. இன்றைக்குப் பார்த்து ஒசாகாவிலிருந்து எவனோ எபிசாவாவுக்கு ஃபோன் செய்து, சாக்சபோன் எனக்கு வேண்டும், ஐந்து மணிக்கு நோட்டோடு வருகிறேன் என்றிருக்கிறான்.

இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு எதிர்க்கடைக்குப் போனேன். "எபிசாவா ஐயா, இது என்ன கள்ளக் காசா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. இத்தனை காசைப் பேங்க்ல கொண்டு கொட்டினா அதுக்கும் கட்டணம் புடுங்குறாங்க. இருபது காசு வாங்கிக்கிறேன், மீதி நோட்டா குடுங்க. யாரு முதல்ல வெக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை பேங்க் ஏது? இயந்திரமும் இன்று காசை விழுங்காது. அப்போதுதான் குளியல் கூடம் நடத்தும் தட்சுயே காலையில் புலம்பியது நினைவுக்கு வந்தது. சில்லறை கேட்டாலும் பேங்கில் கட்டணமாம், பாழாய்ப்போனவர்கள்!

"நீங்க கட்லெட்டைப் பாருங்க. கருக்கினீங்கன்னா தொலைச்சுடுவேன்" என்று அவரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு டப்பாவோடு கிளம்பினேன்.

தட்சுயே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "தெய்வமே வந்த மாதிரி இருக்குடி! எத்தனை குடுப்ப?"

"இருபது. சட்டம் பேசுறாங்கல்ல, நாமும் சட்டப்படியே போவோம்."

எண்ணி வாங்கிக்கொண்டு பத்தாயிரம் யென் நோட்டு ஒன்றை நீட்டினாள். அங்கிருந்து முடிதிருத்துகிறவர், டோஃபு கடை, பூக்கடை என்று ஏறி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் பெட்டியிலும் நோட்டு, சில்லறைக்குத்தான் பஞ்சம். ஏழாவதாக மீன்கடை. மீன்காரன் ஈரக் கையோடு எண்ணியதில் அரை மணி போயிற்று. "சீக்கிரம்டா பாவி!" என்று கத்தியே விட்டேன்.

ஏழு நோட்டு சேர்ந்தது. டப்பாவில் மிச்சம் இருபது இருக்கவேண்டும். எண்ணினால் பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், அதே பத்தொன்பது.

ஒன்று குறைகிறது. அது எங்கே போயிற்று என்று எனக்குத்தான் தெரியுமே. போன கோடையில் ஒரு கூட்ட நாளில் மீதி கொடுக்கச் சில்லறை இல்லாமல், பொரிக்கிற நீளக் குச்சியை டப்பா ஓட்டைக்குள் விட்டு ஒரு காசை நெம்பி எடுத்தேன். சாயங்காலம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன். ஒரு சனிக்கிழமையைத் திருடிவிட்டேனே!

மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். குமேயோவையும் இழுத்துக்கொண்டு எபிசாவா கடைக்குள் நுழைந்து, ஏழு நோட்டு, பத்தொன்பது காசு, கூடவே என் சொந்த ஆயிரம் யென் நோட்டு ஒன்று எல்லாவற்றையும் படபடவென்று மேஜைமேல் வைத்தேன். குமேயோ அந்த ஆயிரத்தைப் பார்த்தார், சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

எபிசாவா எண்ணி, காசையெல்லாம் மண் உண்டியலுக்குள் தள்ளிவிட்டு, "ஐந்நூறு மீதி தரணும்" என்று பெட்டியைத் திறந்தார். உள்ளே வெறும் நோட்டு. காசே வாங்காத கடையில் காசு எப்படி இருக்கும்? தலையைச் சொறிந்துகொண்டு ஃபோன் பக்கத்திலிருந்த புட்டியைக் கவிழ்த்தார். பத்து யென் காசுகளாய் ஐம்பது.

"இருபதுக்கு மேல வாங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? சட்டம் உங்களுக்கு மட்டும்தானா?" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! குமேயோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயா, மீதிக்கு ஒரு புதுச் சீவாளி குடுத்திடுங்க. சரியாப் போயிடும்" என்றார்.

கடை வாசலிலேயே சீவாளியை நாக்கில் நனைத்துப் பொருத்தி ஊதினார். முதலில் வாத்து கத்தியது. பிறகு மெல்ல மெல்லப் பாட்டு வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. எபிசாவாவும் வெளியே வந்து தாளம் போட்டார். ஒசாகாக்காரன் நோட்டுக் கவரோடு வந்து, வாய் பிளந்து நின்றுவிட்டு, எங்கள் கடையில் நான்கு கட்லெட் வாங்கிக்கொண்டு போனான். நான் சட்டிக்கு முன்னால் அழுதேன், வெங்காயத்தின்மேல் பழி போட்டேன்.

"என்னங்க, ஒரு காசு நான்தான் எடுத்தேன்" என்றேன், அவர் உள்ளே வந்ததும்.

"தெரியும். அன்னிக்கே டப்பா ஓட்டையில எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சே." சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்நூறு யென் காசை எடுத்தார். "அதான் தனியா ஒண்ணு வெச்சிருந்தேன்."

"பின்ன அங்க ஏன் வாயத் திறக்கல?"

"நீ ஏழு கடை ஏறி எறங்கி வந்து நிக்குற. உன்னை அவன் முன்னாடி விட்டுக்கொடுப்பேனா?"

காசை என் கையில் வைத்தார். ஒன்றே ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சட்டத்தில் இடமில்லை.