அடியில் கிண்ணம் வைத்த தட்டு

2008ஆம் ஆண்டு பிப்ரவரி பதினோராம் தேதி, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு இருபதுக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் தஸ்லீமின் பிரியாணிக் கடையில், யாரும் உட்காராத மேசையில் இருந்த தட்டிலிருந்து ஒரு பிடிச் சோறு காணாமல் போனது. போன இடத்தில் நான்கு விரல்களின் தடம் இருந்தது. எட்டு நிமிடம் கழித்து இன்னொரு பிடி போனது. அந்தத் தடத்தில் மோதிரம் பட்ட கோடும் இருந்தது. எதிர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உருக்காலைத் தொழிலாளி சுப்பிரமணி, வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தி, “பாயம்மா, அந்தத் தட்டுல யாரோ கை வெக்கிறாங்கோ” என்றார். தஸ்லீம் வந்து பார்த்தாள். அவள் பார்க்கும்போதே மூன்றாவது பிடி போயிற்று.

அது படம் எடுப்பதற்காக அலங்கரித்த தட்டு. தஸ்லீமின் கணவர் கமால் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. கடை இருந்த கட்டடம் கமாலின் அண்ணன் அஃப்தாபுடையது. பழவேற்காட்டில் மீன்வலை வியாபாரம் செய்த அவர், மார்ச் முடிவதற்குள் கூட்டம் சேராவிட்டால் கடையைப் பூட்டி வலைக் கிடங்கு ஆக்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கடை போனால் தஸ்லீம் அவர் வீட்டுப் பின்கட்டில் போய் ஒண்ட வேண்டும். இந்த நிலையில்தான், பஸ் நிலையத்தருகே ஸ்டுடியோவையும் பிரவுசிங் சென்டரையும் ஒரே அறையில் நடத்திவந்த மோனிகா, ஆர்குட்டில் ‘கும்மிடிப்பூண்டி பசங்க’ என்ற குழுமத்தில் பிரியாணிப் படம் போட்டால் ஆள் வரும் என்று யோசனை சொன்னாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிஜிட்டல் கேமராவோடு வந்துவிட்டாள். தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் சோற்றைப் போர்த்தி மலைபோல் காட்டினாள். கோழிக்காலுக்கு பிரஷ்ஷால் எண்ணெய் பூசினாள். முட்டையை நூலால் அறுத்து மஞ்சள் தெரிய வைத்தாள். ஆவி போதவில்லை என்று தட்டுக்குப் பின்னால் ஊதுவத்தி கொளுத்தினாள். தெர்மாகோல் அட்டையால் ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி முப்பத்திரண்டு படம் எடுத்தாள். “கீழ இன்னா எழுதட்டும்க்கா, ரேட்டு போடவா?” என்று கேட்டாள். சோற்றைக் காட்டிய கையோடு விலையைச் சொல்ல தஸ்லீமுக்குக் கூச்சமாக இருந்தது. “வாங்க, சாப்புடலாம்னு போடு” என்றாள். இந்த வட்டாரத்தில் சாப்பாட்டைப் பார்த்துவிட்டவரிடம் அப்படிச் சொல்லாமல் யாரும் இருப்பதில்லை. “ஆச்சு, நீங்க சாப்புடுங்க” என்று அவரும் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. பதினொன்றரைக்குப் படம் ஏறியது. பார்த்தவர்களில் ஒருவரும் அந்தப் பதிலை எழுதவில்லை. எனவே எல்லோரும் அழைப்பை ஏற்றுக்கொண்டதாக ஆயிற்று.

மாலை நான்கு மணிக்குத் தட்டில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மோனிகா மூச்சிரைக்க ஓடி வந்து, சவூதியில் தமாமில் கிரேன் ஓட்டும் ஆசீர்வாதம் என்பவர் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைச் சொன்னாள்: “நல்லா கீது. உப்பு கொஞ்சம் தூக்கல். அடியில இன்னாத்துக்குக் கிண்ணம்?” உப்பு தூக்கல் என்று மதியம் சுப்பிரமணியும் சொல்லியிருந்தார். விரல் தடங்களைக் கண்டபோது நின்றபடியே இருந்த தஸ்லீம், கிண்ணத்தைப் பற்றிக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வாங்கன்னு போட்ட வரிய எடுத்துர்றேன்க்கா” என்றாள் மோனிகா. “கூப்ட்டு உக்கார வெச்சி, கை வெச்சப்புறம் எழுந்துருன்னு சொல்வியா? ஏற்கெனவே கிண்ணத்த வெச்சி மானத்த வாங்கிட்ட” என்று சொல்லிவிட்டு தஸ்லீம் எழுந்து கிண்ணத்தை உருவிப் போட்டாள். அடிவரை சோறும் இரண்டு துண்டும் வைத்தாள். அன்று முதல் தட்டு குறையக் குறைய மறுசோறு வைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவர்கள் அதிர்ந்து போனார்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் வாந்தி எடுத்தார். ஷிப்டு முடிந்து கூட்டமாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், கோழிக்கால் ஒன்று அந்தரத்தில் எழாமல், தட்டிலேயே சதை குறைந்து எலும்பாவதைப் பார்த்துவிட்டு, கை கழுவாமல் சாலையைக் கடந்தார்கள். மார்ச் பாதியில் சுப்பிரமணியைத் தவிர யாரும் வரவில்லை. “நமக்கு இன்னா, அவுங்க தட்டு அவுங்களுக்கு” என்று அவர் மட்டும் சாப்பிட்டார். ஆனால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு.

மார்ச் முப்பத்தோராம் தேதி பதினொரு மணிக்கு அஃப்தாப் புதுப் பூட்டோடு வந்தார். காலி மேசைகளைப் பார்த்தார். அப்புறம் அந்தத் தட்டைப் பார்த்தார். சோற்றில் ஒரு குழி விழுந்தது, பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.

“யாரும்மா சாப்புடறது?”

“சிங்கப்பூர்ல ரெண்டு பேரு, மச்சான். அங்க இப்ப மதியம்.”

அஃப்தாப் கறாரான மனிதர். ஆனால் ஜப்திக்கு வந்த கோர்ட்டு அமீனாவைக்கூடச் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுப்பாத குடும்பம் அது. பூட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, “முடிக்கட்டும்” என்றார். சிங்கப்பூர்க்காரர்கள் முடிப்பதற்குள் சென்னை அலுவலகங்களுக்கு மதிய இடைவேளை வந்தது. அது முடிவதற்குள் தமாமிலும் துபாயிலும் பசித்தது. இருட்டியபோது லண்டனில் ஒரு நர்ஸ் கத்திரிக்காயை மட்டும் தொட்டுத் தொட்டுத் தின்றாள். மறுநாள் விடிய ஐந்து மணிக்கு வந்து பார்த்தார், நியூஜெர்சியில் ராச்சாப்பாடு. அந்த வாரம் முழுக்க அவர் வராத நேரம் இல்லை; யாரும் சாப்பிடாத நிமிடமும் இல்லை.

திறந்தே இருக்கும் கடைக்கு ஆள் திரும்புவது இயல்பு. மே மாதத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். தீபாவளிக்குள் அந்தத் தட்டுக்கு எதிரே உட்காரவும் பழகிக்கொண்டார்கள். செப்டம்பரில் ரம்ஜான் பிறந்தபோது, சில விரல்கள் பகலெல்லாம் காணாமல் போய், தமாமில் சூரியன் அடைந்த நேரத்துக்குத் திரும்பின. அஃப்தாப் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை வந்தார். 2009 டிசம்பரில் கடைசியாக வந்தபோது வாசலில் நின்றபடியே, “இன்னும் முடியலையா?” என்று கேட்டார்.

“இப்பதான் மறுசோறு வாங்கினாங்க, மச்சான்.”

“சரி. அவசரம் இல்ல, மெதுவா சாப்புடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, பழவேற்காடு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.